ஆறு மணிக்கு எழுந்துக்கிற பொண்ணு

"காலைல ஆறு மணிக்கு எழுந்துப்பேன்னு போட்டுக்கீறியே, அந்த ஊரு அம்மா அத நம்பிட்டா இன்னாடி பண்ணுவே?"

தி.நகரில் பஸ் ஏறியதிலிருந்து, எனக்கு முன் சீட்டில் அம்மாவும் மகளும் ஒரே போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நர்சிங் படிக்கும் மகள் மூன்று மாதப் பயிற்சிக்கு ஸ்பெயின் போகிறாளாம். அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கினால் ஸ்பானிஷும் தேறிவிடுமாம். அவள் ஸ்பானிஷில் எழுதும் விண்ணப்பம் பிடித்தால்தான் ஏதாவது ஒரு வீட்டில் கூப்பிடுவார்கள். இன்றைக்கே அனுப்பியாக வேண்டும்.

"எட்டு மணின்னு போட்டா யாரும்மா சேத்துப்பாங்க?"

"சரி, ஏழு போடு. அடுத்தது இன்னா?"

"வீட்டு வேலையில உதவுவீங்களான்னு கேக்குறாங்க. உதவுவேன்னு போட்டுட்டேன்."

"அடிப்பாவி! தட்டு கழுவச் சொன்னா பாத்ரூமுக்குள்ள ஓடுறவதானே நீ?"

கண்டக்டர்கூடச் சிரித்துவிட்டார்.

"கடைசிக் கேள்விம்மா. என்னைப் பத்தி அவங்க முக்கியமா தெரிஞ்சுக்க வேண்டியது இன்னான்னு கேக்குறாங்க. காலியா வுட்டுடவா?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நந்தனம் சிக்னல் தாண்டிய பிறகுதான் பேசினார்.

"இவளுக்கு ஜுரம் வந்தா வாயத் தொறந்து சொல்ல மாட்டா. நாமதான் கழுத்தத் தொட்டுப் பாக்கணும். அத எழுது."

மகள் எழுதத் தொடங்கி நிறுத்தினாள்.

"இத ஸ்பானிஷ்ல எப்டிம்மா எழுதுறது? தெரியலையே."

"அதுக்குத்தாண்டி போறே. தெரிஞ்ச வரைக்கும் எழுது."

அவள் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எழுதினாள். பிறகு மேலே போய், ஏழு மணியை அழித்துவிட்டு எட்டு மணி என்று போட்டாள்.