பின்பாரம்

உங்கள் காபி நன்றாக இருக்கிறது. மூன்று வாரமாக வீட்டில் நான் அடுப்பே மூட்டவில்லை.

என் மனைவி ஹில்லெவி என்னைப் பிரிந்து லூலியோ நகரிலுள்ள அவள் அக்கா வீட்டுக்குப் போகிறாள் என்பது ஊருக்கே தெரியும். அன்று காலை அவள் காரின் பின்னால் மாட்டிய ட்ரெய்லரில் சாமான் ஏற்ற நான்தான் உதவினேன். பக்கத்து வீட்டு ஹ்யால்மரும் வந்தார்.

"வரும்போது ஒரே ஒரு பை. போறப்போ எல்க் மான் கறி மொத்தமும் இவளுக்கா?"

"நான் வேட்டையாடின மான், பெரியவரே. உங்க துப்பாக்கிக்கு மரம்தான் விழுந்துச்சு," என்றாள்.

கறி நிறைந்த உறைபெட்டியை ட்ரெய்லரின் பின்கோடியில் ஏற்றி வைத்தோம்.

"டேய் எஸ்கில், இதை முன்னாடி தள்ளு. பாரம் பின்னாடி இருந்தா வண்டி ஆடும்," என்றார் அவர். அப்புறம் தள்ளுகிறேன் என்றேன். அவர் போனதும், இருந்த இடத்திலேயே இறுக்கிக் கட்டினேன்.

முந்தின நாள் பெய்த மழை சாலையில் உறைந்திருந்தது. அவள் ட்ரெய்லர் இழுத்து ஓட்டியதே இல்லை. சாவியைத் துளையில் நுழைக்கவே மூன்று தடவை ஆயிற்று.

"பின்னாடி ஆட ஆரம்பிச்சா என்ன பண்ணணும்? நெஜமாவே பயமா இருக்குடா."

வேகமிதியிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருக்க வேண்டும். பிரேக்கைத் தொடக் கூடாது. ட்ரெய்லர் உரிமத்துக்குப் படித்தபோது எனக்குச் சொன்ன முதல் பாடம் அது.

"பிரேக்கை அழுத்தி மிதி. விடாதே," என்றேன்.

"அழுத்தி மிதி, விடாதே," என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.

எனக்கும் பயமாகத்தான் இருந்தது, அவள் இல்லாத வீட்டை நினைத்து.

என் காரில் பின்தொடர்ந்தேன். நூறு மீட்டர் தள்ளியே போனேன். பனியில் இடைவெளி முக்கியம். ஆற்றுச் சரிவில் ட்ரெய்லர் ஆடத் தொடங்கியது. எதிரே மரம் ஏற்றிய லாரி ஏறி வந்தது. பிரேக் விளக்குகள் எரிந்தன. அணையவில்லை. ட்ரெய்லர் காரைச் சுழற்றி லாரியின் முன்னால் குறுக்கே தள்ளியது. லாரி மோதும்வரை அவள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தாள்.

தெரிந்தேதான் செய்தேன் என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவள் என்னைப் பிரிய விரும்பினாள் என்று மட்டும் எழுதாதீர்கள். கடைசி வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை. விட்டுப் போகிறவள் இப்படியா நம்புவாள்?