டுவெயின் வயலில் உதறிய மூட்டைகள்

காபியை ஆறவிடாதீர்கள். தட்டில் இருக்கும் ருபார்ப் தண்டுப் பலகாரம் என் மனைவி ஆர்லிஸ் சுட்டது. புளிப்பு கொஞ்சம் தூக்கல்தான். மாவட்டக் களை அதிகாரியை வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டு வெறும் காபியோடு அனுப்புவது அயோவாவில் வழக்கமில்லை. பக்கத்து வயல்காரன் டுவெயின் மீது புகார் கொடுக்கத்தான் அழைத்தேன். ஆனால் ஆதியிலிருந்து சொன்னால்தான் நியாயம் விளங்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் இங்கே ஆளாளுக்கு பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர்ந்து போவோம். காற்று வாங்க அல்ல, அடுத்தவன் சோயா வயலில் களை இருக்கிறதா என்று பார்க்க. இரண்டு வருடத்துக்கு முன் என் வயலில் வாட்டர்ஹெம்ப் கிளம்பியிருந்தது. தண்டுக்கீரைக்குப் பங்காளி, ஆனால் ஆள் உயரம். மருந்தடித்தால் ஒரு வாரம் துவண்டு படுத்திருக்கும். அப்புறம் ஓய்வெடுத்த தெம்போடு எழுந்து நிற்கும்.

ஒரு ஞாயிறு அப்படி ஊர்ந்து பார்த்ததற்கு மறுநாள் தானியக் கிடங்கில் எல்லோரும் காபி குடிக்கும்போது டுவெயின் ஆரம்பித்தான்.

"என்ன வெர்லின், இந்த வருஷம் கீரை வெவசாயமா? நல்லா வந்திருக்கேப்பா. ஊடால ரெண்டு சோயாகூடப் பாத்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டோனட்டை மட்டும் பாதியிலேயே வைத்துவிட்டேன். சுத்தமான வயல் என்றால் வெர்லின் வயல் என்று ஊர் சொல்லும். எனக்கு இருக்கிற ஒரே பெருமை அதுதான்.

கையால் பிடுங்குங்கள், விதைக் கதிர்களை எரித்துவிடுங்கள் என்று நீங்கள்தான் கூட்டத்தில் சொன்னீர்கள். பிடுங்கி மூட்டை கட்டினேன். எரித்தால் புகை வரும், அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு. அதனால் முதுகுவலி, சர்ச்சுக்கு வரவில்லை என்று ஆர்லிஸிடம் சொல்லிவிட்டு, டுவெயின் சர்ச்சில் இருந்த நேரத்தில் மூட்டைகளை அவன் வயலில் உதறினேன். சாலையோரத்தில் கொஞ்சம் தாராளமாக. கோபமெல்லாம் இல்லை.

அடுத்த வருடம் அவன் வயல் காடாகிவிட்டது. என்னிடம் ஒரு மூட்டை மிஞ்சியிருந்தது, வீணாக்க மனமில்லை. அதை உதறும்போதுதான் வண்டியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டேன். டுவெயினே வந்து பார்த்தான்.

"ஏம்பா, என் வயல்ல என்ன பண்ற?"

"ஒன் களையப் பிடுங்கலாம்னு வந்தேன்."

மூட்டையைப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. "நானும் உன்னக் கிண்டல் பண்ணேனே, வெர்லின்" என்று சொல்லி என்னைத் தூக்கிப்போனான்.

அறுவடை நேரத்தில் ஒருவன் படுத்துவிட்டால் அக்கம்பக்கத்தார் அழைக்காமலே இயந்திரங்களோடு வந்துவிடுவார்கள். டுவெயின் முதல் ஆளாக வந்தான், தன் அறுவடையைப் பாதியில் விட்டுவிட்டு.

"நீ காலத் தூக்கி வச்சுட்டுப் படு. நாங்க இருக்கோம்ல."

இயந்திரத்தைத் தட்டித் துடைக்கக்கூட அவன் நிற்கவில்லை. அவன் வயலில் அறுத்த களை விதையெல்லாம் அதன் வயிற்றில் இருந்தது. போன வழியெல்லாம் என் வயலில் கொட்டிக்கொண்டே போனான். கட்டுப்போட்ட காலோடு ஜன்னலில் உட்கார்ந்து அத்தனையையும் பார்த்தேன்.

இப்போது வெளியே பாருங்கள், சோயா எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. நாளை ஞாயிறு. ஊரே வண்டியில் வரும்.

அடுத்தவன் வயலுக்குக் களை விதையைக் கொண்டுபோவது குற்றம்தானே? அவன் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்து வயல்காரனுக்கு ஒரு மனுஷன் இப்படியும் செய்வானா?