கேட்சருக்கு மூணு மார்க்கு

மூணு! பத்துக்கு மூணு! சாரே, நீங்களே சொல்லுங்கோ, கண்ணு உள்ளவன் போடுத மார்க்கா இது? அந்த மேசையில பேப்பர எட்டிப் பாத்துட்டுத்தான் வாரேன். ரேஷ்மி, கேட்சர். எறியதுக்கு ஒம்போது, தடுக்கதுக்கு எட்டு, பிடிக்கதுக்கு மூணு. பிடிக்கதுக்கு மூணாம்! பேரே கேட்சரு... பிடிக்கத் தெரியாதவள எவனாவது கேட்சரா நிப்பாட்டுவானா? கொஞ்சம் நீங்கி இருங்கோ சாரே, இந்தப் பக்கம் வெயிலு அடிக்கி.

சாப்ட்பால் செலக்ஷனுக்கு நீங்க முத தடவையாக்கும்? உங்க மக எங்க நிக்கா? அவுட்ஃபீல்டா... ஹா, அப்பம் நிம்மதி! தூரத்துல நிக்கவளுக்கு எப்பமாவதுதான் பந்து வரும். எம்மகளுக்கு ஒவ்வொரு பந்தும் வரும். மட்ட பிடிக்கவளுக்குப் பொறத்தால குத்த வச்சு இருக்கணும். மொகத்துல கம்பி, நெஞ்சுல கவசம், காலுல கவசம். எறியிதவ எங்கன எறிஞ்சாலும் பிடிக்கணும். எவளாவது பேஸத் திருட ஓடினா, இருந்த இருப்புல எழும்பி ரெண்டாம் பேஸுக்கு எறியணும். ரெண்டே கால் செக்கண்டு! நானே மொபைல்ல வாட்ச் வச்சுப் பாத்திருக்கேன். மனசிலாச்சா?

நேத்து எறியுத டெஸ்டு, தடுக்குத டெஸ்டு. ஸ்கூல் கிட்டுல உள்ள பழைய கிளவுஸு, தையல்லாம் விட்டது, அத வச்சுத்தான் ஒம்போதும் எட்டும் வாங்கினா. இன்னைக்குப் பிடிக்குத டெஸ்டு, புது கிளவுஸு. புத்தம் புதுசு! அதுல மூணு! இதுலயே தெரியல்லியா சாரே, அந்த ஜெயகுமார் சாருக்கு எம்மக மேல என்னமோ இருக்குன்னு?

அவருதான் செலக்டரு. அந்தா, ரூமுக்கு முன்ன, கழுத்துல விசிலு. நல்ல மனுசன்னு எல்லாவரும் சொல்லுதாவ. சொல்லட்டும். எனக்கும் ஆளப் பாத்து எடை போடத் தெரியும். ஆரியசாலையில போயி எண்ணெய்க்கட பகவதிப்பெருமாள்னு கேளுங்கோ... முப்பது வருஷமாக் கொப்பர பாக்கேன். ஒண்ண எடுத்து ஒடிச்சா, அந்தச் சத்தத்துலயே சொல்லிப்போடுவேன், ஈரம் இருக்கா, எண்ணெய் எத்தர விழும்னு. ஆனா மூட்ட பூரா கை விட்டுப் பாத்துட்டுத்தான் வில பேசுவேன். இவரு பத்துப் பந்துல ஒரு பிள்ளைய நிறுத்துப்போட்டாரு!

பிள்ளை பட்ட பாடு இவருக்குத் தெரியுமா? கரமனையில எங்க தெருவ நீங்க பாக்கணும். ரெண்டு ஆட்டோ எதிர எதிர வந்தா ஒண்ணு பின்னால போணும். அதுலதான் பழக்கம். நான் எறிவேன், அவ பிடிப்பா. ஒரு நாளு நான் எறிஞ்சது கொஞ்சம் பெசகி, எதுத்த வீட்டு ரத்னாபாய்க்க காரு கண்ணாடி... அத விடுங்கோ. அந்த அம்மா இன்னைக்கும் எங்கிட்ட பேசதில்ல. வீட்டுக்காரி உலகம்மை ஒரு பக்கம். ‘பிளஸ் டூ படிக்குத பிள்ளைக்கு என்ட்ரன்ஸா பந்தா’ன்னு கேட்டா. நாந்தான் பிள்ளைக்க கூட நின்னேன். அடுத்த வருஷம் வயசு கழிஞ்சிரும் சாரே. ஸ்டேட் டீம்ல நிக்கணும்னா இதாக்கும் கடைசி. இன்னும் கால் மணிக்கூருல லிஸ்டு ஒட்டிருவாவ.

எனக்கு எதுல எரியுதுன்னு கேளுங்கோ. விட்ட ஏழு பந்தும் கையில வந்து விழுந்துது. விழுந்து, நழுவி, கீழ. ஒண்ணு, ரெண்டு, மூணு... நான் இங்க முன் வரிசையில இருந்து ‘கொழப்பமில்ல மக்களே, பிடி மக்களே’ன்னு கை தட்டுதேன். ஜெயகுமார் சாரு கிட்ட போயி, ‘எந்து பற்றி மோளே’, என்ன ஆச்சு மகளேன்னு கேட்டாரு. நல்லாத்தான் கேட்டாரு. இவ என்ன சொல்லணும்? வெயிலுன்னு சொல்லலாம், எறிஞ்சவ சரியில்லன்னு சொல்லலாம். ‘எங்கையிலதான் சார் கொறை’ன்னு சொல்லுதா! தானே போயி தலையக் குடுக்கா!

என்னது... கிளவுஸா? சேச்சே, கிளவுஸுல ஒரு கொறையும் கிடையாது. மீரட்டுல இருந்து வரவழச்சது. வந்தப்பம் தோலு கல்லு மாதிரி இருந்துது. புதுசு அப்பிடித்தான், பிடிச்சுப் பிடிச்சுத்தான் பழகும்னா பிள்ளை. கடையில டின்னு டின்னா எண்ணெய் இருக்கு, நான் எதுக்கு அவ்வளவு நாளு காக்கணும்? ஒண்ணாம் தரம் தேங்காண்ணெய்... அதையே போட்டேன்.

எத்தரையா? அர லிட்டரு இருக்கும். சும்மா தடவினா உள்ள எறங்குமா சாரே? சருவச் சட்டியில வச்சு ரெண்டு நாளு ஊறப் போட்டேன். பொறவு எடுத்து நல்லாத் தொடச்சு... தொடச்சேனா? ஆங், தொடச்சேன். என்ன மினுக்கம்ங்கிய! இன்னைக்குக் காலையில, கிரவுண்டு கேட்டுக்கு முன்ன வச்சுக் குடுத்தேன். ‘பாத்தியா மக்களே, அப்பா செஞ்சத.’ கைய உள்ள விட்டா. வெளிய எடுத்தா. கையப் பாத்தா. என்னப் பாத்தா. ‘நல்லா இருக்குப்பா’ன்னா.

நீங்க எதுக்கு சாரே சிரிக்கிய?

வழுக்கும்ங்கியளா... இல்ல, அது... தோலு குடிச்சிருக்கும்லா... ரெண்டு நாளு...

அய்யோ.

ஏழு பந்தும் அதனாலயா? சாரே, அவ பையில பழைய கிளவுஸு இருந்துது. நாந்தான் பைய தூக்கிட்டு வந்தேன், எனக்குத் தெரியும். முத பந்து நழுவினப்பமே அத மாத்தியிருக்கலாம். மாத்தல்ல. நான் முன்னால இருந்து கை தட்டிட்டு இருக்கேன்லா... எம்மொகம் வாடிரும்னுட்டு... கூறுகெட்ட பிள்ளை. இல்ல, பிள்ளைய என்னத்துக்குச் சொல்லணும், நானாக்கும் கூறுகெட்டவன்.

அங்க பாருங்கோ, கொழாயடியில நிக்கா. சோப்புப் போட்டுக் கையக் கழுவுதா. எத்தர கழுவினாலும் போவாது, எனக்க எண்ணெயாக்கும்... நல்ல எண்ணெய்...

ரூமுக்குள்ள பேப்பரக் கொண்டு போறாவ. நகருங்கோ, நான் போறேன். எதுக்கா? பிராது சொல்லத்தான். எம்மேல.

ஜெயகுமார் சாரே! ஒரு நிமிஷம், கதவ அடைக்காதீங்கோ! நான் ரேஷ்மிக்க அப்பா... பழைய கிளவுஸ மாட்டி இன்னும் பத்துப் பந்து போட்டுப் பாருங்கோ சாரே. அர லிட்டர் எண்ணெயில மூணு பிடிச்சவளாக்கும்!