எப்பா

— நாளைக்கும் அப்பாவ ஊசிக்கு ஏத்திக்கிட்டுப் போகப் போறியாண்ணே? மனுசன் கஞ்சித் தண்ணியக்கூட முழுங்க மாட்டேங்கிறாரு. வாயி பூரா புண்ணு.

— இங்க பாரு விதுஷா, கேன்சருக்கு மருந்துன்னா அப்படித்தான் இருக்கும். வெளங்குதா?

— எண்பத்தொரு வயசுண்ணே!

— அதுக்குன்னு சாகட்டும்னு விட்டுறவா? முத்துவீரன் மகன் மாத்தளை டவுன்ல கட வச்சிருக்கான், பெத்த அப்பனப் பாக்கலன்னு தோட்டத்துச் சனமே காறித் துப்பும். வெளங்குதா?

— ஓ, அப்ப ஊசி தோட்டத்துக்குத்தான். ஒடம்பு மட்டும் அப்பாவோடது.

— வாய அடக்கு.

— அடக்க மாட்டேன். வலிக்கு மருந்து குடுத்து வீட்டுலயே நல்லா வச்சிக்கலாம், நர்ஸ் வந்து பாப்பாங்கன்னு டொக்டர் சொன்னாரா இல்லையா?

— சொன்னாரு. ஏன் சொன்னாரு தெரியுமா? போன கிளினிக்ல டொக்டரு அப்பா கையப் புடிச்சிக்கிட்டு, இன்னும் ஊசி போடவான்னு சிங்களத்துல கேட்டாரு. இவரு "எப்பா, எப்பா"ன்னாரு. அந்தாளு ஊசியக் கீழ வச்சிட்டாரு.

— எப்பான்னா சிங்களத்துல வேணாம்னுதானே?

— அதான் கூத்தே! நம்ம ஆளுங்க வலிச்சா எப்பா, எப்பான்னுதானே கத்துவாங்க? டொக்டர், அது சிங்களம் இல்ல, தமிழு, வலியில அவங்க அப்பாவக் கூப்புடுறாருன்னு சொன்னேன். டொக்டர் சிரிச்சிட்டாரு. நானும் சிரிச்சேன். அப்புறம் போட்டாங்க. நான் மட்டும் இல்லன்னா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க, வெளங்குதா?

— அப்பா சிரிச்சாரா?

— அவருக்கு என்ன தெரியும், மலையில மொளகு பறிச்ச ஆளு. செவுத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்தாரு.

— ஐயோ கடவுளே. அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டியாண்ணே?

— கேட்டா, போதும்டா விட்ருடாம்பாரு. வயசாளிங்க எல்லாரும் சொல்றதுதானே அது.

— அப்பா! முழிச்சிக்கிட்டா இருக்கீங்க? எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா இருந்தீங்க?

— காதுல இன்னும் புண்ணு வரல, புள்ள.

— படுத்துக்கங்கப்பா. காலையில வெள்ளனப் போவணும்.

— டேய் துஷாந்து, போதும் போதும்னு தமிழ்ல ஒங்கிட்ட எத்தன தடவ சொன்னேன்? நீ கேக்கல. எனக்குத் தெரிஞ்ச சிங்களமே நாலு வார்த்த. அதுல ஒண்ண, டொக்டருக்காவது வெளங்கட்டும்னு சொன்னேன். நீ அதையும் தமிழாக்கிட்டியேடா.