நேர்ந்துவிட்ட சேவலுக்கு ஓர் ஊசி

திண்டிவனத்தில் பஸ் ஏறி, விழுப்புரத்தில் மாறி, கெடார் போய்ச் சேர்வதற்குள் தின்ற நாலு இட்லியும் செரித்துவிடும் சார். மடியில் ஐஸ் பிளாஸ்க், அதற்குள் தடுப்பு மருந்து. மூன்று வருஷம் அப்படிப் போனேன். எங்கள் வம்சத்திலேயே முதல் பி.எஸ்ஸி. நான், கிடைத்தது கோழிக்கு ஊசி குத்தும் வேலை. சிரிப்பு வந்தால் சிரியுங்கள்.

அறுபத்தொன்றில் மேலதிகாரி சீனுவாசனிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். ஊசி போட்ட கோழி வெள்ளைக்கழிச்சலில் சாவதில்லை, சரி. ஆனால் கிருமி அதற்குள் புகுந்து வெளியே வருகிறதே. சாகாத உடம்பில் பழகிப் பழகி அது இன்னும் கொடியதாகிவிடாதா?

“இன்னா வேணி, கிருமிக்கு ஜாதகம் கணிக்கிறியா? போம்மா, ஜல்தியா டீ சொல்லு.”

ஆபீசே சிரித்தது. டீ சொல்லிவிட்டு வந்தேன்.

நிரூபிக்க, வருஷா வருஷம் எத்தனை நாளில் சாகிறது என்று எண்ணிப் பார்க்க, ஊசி போடாத கோழி வேண்டும். கெடாரில் வீட்டுக்கு வீடு இருந்தது. அம்மனுக்கு நேர்ந்துவிட்ட சேவல்மேல் ஊசி படக் கூடாதாம். மற்றவற்றுக்குப் போட்டேன். கழிச்சல் வந்தபோது அவை ஜோராக மேய்ந்தன, சேவல்கள் செத்தன. முதல் வருஷம் நோய் கண்ட எட்டாம் நாள், மறு வருஷம் ஐந்தாம் நாள். அம்மன் கோபம் என்றார்கள். நான் மறுக்கவில்லை. மறுத்தால் சேவலுக்கும் ஊசி கேட்பார்கள்.

மூன்றாம் வருஷம் பயத்தில் யாரும் நேர்ந்துவிடவில்லை. கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கும் செண்பகம் மட்டும், படுத்த படுக்கையாகக் கிடந்த புருஷனுக்காக ஒரு சேவல் விட்டிருந்தாள். அதைக் கூடையில் மூடி எடுத்து வந்தாள்.

“டாக்டரம்மா, இதுக்கும் ஒண்ணு போட்டுடுங்க. ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். இது பூட்டா அவரும் பூடுவாருன்னு மனசு அடிச்சிக்கினே கீது.”

“ஊர்ல தெரிஞ்சா?”

“நீங்க சொன்னாத்தான தெரியும்?”

எந்த இரண்டு புள்ளியை வைத்தாலும் ஒரு கோடு வந்துவிடும். எனக்கு மூன்றாவது வேண்டியிருந்தது. இறக்கைக்கு அடியில் குத்தி அனுப்பினேன்.

கழிச்சல் கண்ட இரண்டாம் நாளே சேவல் சுருண்டது. எட்டு, ஐந்து, இரண்டு. எவ்வளவு அழகான கோடு.

சேவலுக்கு ஊசி போட்டீர்களா என்று ஊர்ப் பெரியவர் சுப்பராயலு கேட்டார். ஆமாம் என்றேன், எனக்குப் பொய் வராது. சாமி சேவலைக் குத்த வைத்தவள் என்று செண்பகத்தை ஊர்க்கிணற்றில் தண்ணீர் சேந்த விடவில்லை. அந்த வாரமே புருஷன் போனான். மறுநாள் அதே கிணற்றில் அவளை எடுத்தார்கள்.

ஊசியில் மருந்து இல்லை சார். எழுதிக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீர்தான். அதையும் நன்றாகக் காய்ச்சி, ஆறவைத்துத்தான் ஏற்றினேன். அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வராது.