கைய புடிக்காம சொல்லித்தர புக்கு

அது வேணாங்க டீச்சர், அணிலு, ஆடுன்னு படம் போட்டிருக்கறத பையில வெச்சிடுங்க. இன்னொண்ணு கொண்டாந்தீங்களே, ட, ப-ன்னு ஆரம்பிக்குதே, அது போதும். பாய்ல ஒக்காராதீங்க, அந்த முக்காலியில ஒக்காருங்க. தண்ணி பெரிய பொண்ணு கற்பகம் கொண்டாரும்.

இன்னான்னு சொல்றது. ஜூன் மாசந்தான் ரெண்டு பொண்ணையும் ஒண்ணா ஒண்ணாவதுல சேத்தோம். நிறுத்தி பதினஞ்சு நாள் ஆவுது, நீங்க வூடு தேடி வர்ற அளவுக்கு வந்துடுச்சு. வூட்லயே சொல்லிக்குடுத்துக்கலாம்னு பாத்தேன். நானும் அஞ்சாவது வரைக்கும் படிச்சவதாங்க. ஆனா எதுலருந்து ஆரம்பிக்கறதுன்னு பேஜாரா பூடுச்சு. இந்த அ இருக்குது பாருங்க, சுழிச்சு, வளைச்சு, அப்பறம் நெட்டுக்கு இழுக்கணும். கைய புடிச்சாதான் வரும். எங்கம்மா பச்சரிசியில என் வெரல புடிச்சுதான் எழுத வெச்சாங்க. ட-வுக்கு அந்தத் தொல்ல இல்லீங்க. நேத்து தார்க்குச்சி ரெண்டு குடுத்தேன், பட்டு சுத்துவோமே அந்தக் குச்சி. சின்னப் பொண்ணு ஒண்ண நிமித்தி வெச்சு, ஒண்ண படுக்க வெச்சுது. நான் இந்தக் கோடியில ஒக்காந்துகினு சத்தம் மட்டும் சொன்னேன். அதுவும் சொல்லுச்சு. ப-வுக்கு மூணு குச்சி குடுத்தா ஆச்சு.

கைய புடிச்சா இன்னான்னு கேக்கறீங்க. சொல்றேன்.

அன்னிக்கு வெள்ளக்கோட்டு போட்டுகினு நாலு பேரு பள்ளிக்கூடத்துக்கு வந்தாங்களே, பசங்க சட்டைய கழட்டி இறகால தடவி, தெரியுதான்னு கேக்கறவங்க. அடுத்த வாரம் ஒண்ணாவது பசங்களப் பாப்போம்னாங்க. அன்னியோட நிறுத்துனேன். ஒரு புள்ளைக்கு இருக்குதுன்னு எழுதிட்டா வூட்டுக்கே வந்து எல்லாரையும் பாக்கறாங்க. பின்னாடித் தெருவுல காசியம்மா வூட்டுக்கு வந்தாங்க. அப்பறம் அவங்க தறியில நெஞ்ச பொடவைய எவனும் தொடல. எனக்கு பயமா இருக்குங்க டீச்சர்.

இதப் பாருங்க. கிட்ட வராதீங்க, அங்கருந்தே பாருங்க. வெரல் பூரா கொப்பளம். சோத்துக் குண்டான துணியில்லாம எறக்கிட்டேன், சுட்டதே தெரியல. கண்ண மூடிகினு அறுந்த இழைய முடி போடுவேன் நானு. இப்ப வெரலுக்கு நடுவுல இழை இருக்குதா இல்லியான்னே புரியல. கண்ணு மங்கிப்போச்சுன்னு வூட்டுக்காரர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். குஷ்டந்தான், எனக்குத் தெரியும். இந்தக் கையால கொழந்தைங்க கைய எப்படிங்க புடிப்பேன்?

மாத்திரை இருக்குதா? இருக்கட்டும். எனக்கு வந்தா வந்துட்டுப் போவட்டுங்க, நான் அதுக்கா ஒங்ககிட்ட இம்மாம் பேசிகினு இருக்கேன்.

கற்பகம், சொம்ப வெச்சுட்டு இப்படி வா. டீச்சர் பக்கத்துல நில்லு. எடது தோள்ல பாருங்க, நாலணா அளவு வெளுத்திருக்குது. தேமலாத்தான் இருக்கும். பதினஞ்சு நாளா பாத்துகினே இருக்கேன், தொட்டுப் பாக்க தைரியம் வரல. நீங்க அந்த எடத்துல ஒரு தபா நல்லா கிள்ளுங்க. பாவம்னு பாக்காதீங்க. அழுதுட்டா நாளைக்கே ரெண்டையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடறேன்.

நான் செவுத்தப் பாத்துகினு நிக்கறேன். எனக்கு சத்தம் கேட்டா போதும்.