ஒரு வருஷமாகத் தொடாதவை

துணி மடிப்பதில் என் தம்பி மனைவி கவிப்ரியாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, ஆபீசர். பிள்ளைகளின் டீ-சட்டையைக்கூட நிமிர்ந்து நிற்கிற மாதிரி மடித்துவிடுவாள். அலமாரியைத் திறந்தால் துணிக்கடை மாதிரி இருக்கும். செத்துப்போனவளைப் பற்றி நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும், அதுதான் முறை.

தெம்பனிஸில் அடுக்குமாடி வீடு எங்களுடையது. தம்பி இளமாறன், அவள், இரண்டு பெண் பிள்ளைகள், நான். என் வீட்டுக்காரர் போனபிறகு என் மகன் ஷங்கரைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்தேன். சமையல் என் பொறுப்பு. பள்ளிப் பை, ஸ்கூட்டர், பொம்மை என்று கால் வைக்க இடமிருக்காது. பள்ளி விடுமுறை வந்தால் கவிப்ரியா கறுப்புப் பைகளோடு இறங்கிவிடுவாள். "ஒரு வருஷமா தொடாத சாமான் வீட்டுக்கு வேணாம் லா, அண்ணி," என்பாள். என் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் அடுக்கு அப்படித்தான் போனது. தொலையட்டும் என்று விட்டேன். வீடு விசாலமானது என்னவோ உண்மைதான்.

ஷங்கர் இருபது வயதில் மோட்டார்சைக்கிள் விபத்தில் போனான். அன்று காலை அவன் தலை வைத்து எழுந்த தலையணை உறையை ஒரு மஞ்சள் பையில் போட்டு, இறுக்கி முடிந்து, என் அலமாரியில் வைத்திருந்தேன். முதல் திதியன்று அவிழ்த்து முகர்ந்தேன். அவன் தலைக்குத் தடவும் கிரீம், வியர்வை, எல்லாம் இருந்தது. திரும்ப முடிச்சுப் போடுவதற்குள் பாதி குறைந்துபோன மாதிரி தோன்றியது. அதற்குப் பிறகு அவிழ்க்கவில்லை. அவிழ்க்காமல் இருந்தால்தான் அவன் அதற்குள் இருப்பான்.

போன ஜூன் விடுமுறையில் ஒருநாள், தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பினேன். கவிப்ரியா வாசலிலேயே நின்றாள்.

"அண்ணி, உங்க அலமாரிய முடிச்சிட்டேன். எவ்ளோ இடம் கிடைச்சிருக்கு பாருங்க."

மஞ்சள் பை எங்கே என்று கேட்டேன்.

"அதுவா? உள்ள ஒரு அழுக்குத் தலகாணி உறைதான் இருந்துச்சு. வருஷக்கணக்கா நீங்க தொறக்கவே இல்லையே. புதுசா ஒரு செட் ஆர்டர் பண்ணிடறேன்."

ஆக, அவள் திறந்து பார்த்திருக்கிறாள். என் பிள்ளையின் கடைசி வாசனையை முகர்ந்து, மூக்கைச் சுளித்து, அடுப்படிக் குப்பைக் குழாயில் போட்டிருக்கிறாள். கீழே ஓடினேன். குப்பை லாரி வந்து போய்விட்டிருந்தது. என் வயிறு எரிந்தது, ஆபீசர். இன்றுவரை அணையவில்லை. விஷயம் தெரிந்ததும் அவள், "ஐயையோ, முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல அண்ணி," என்று அழுதாள். தம்பி, "தெரியாம பண்ணிட்டாக்கா, விடு," என்றான். விட்டுவிட்டேன் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

மறுவாரம் அடுப்படியை நானே ஒழுங்குபடுத்தத் தொடங்கினேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மேல்தட்டில் ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது. கவிப்ரியாவுக்கு இறால் ஆகாது. துளி உள்ளே போனாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். அப்படி ஆனால் தொடையில் குத்திக்கொள்ள டாக்டர் கொடுத்த பேனா மாதிரியான ஊசி அந்தப் பெட்டியில் இருந்தது. அதை வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. யாரும் தொட்டதில்லை. சட்டம் அவள் போட்டதுதானே. ஊசியைக் குப்பைக் குழாயில் போட்டேன். பெட்டியை மட்டும் இருந்த இடத்திலேயே வைத்தேன், அவள் கையால் லேபிள் ஒட்டி அழகாக இருந்தது.

செப்டம்பரில் ஒரு புதன்கிழமை. தம்பி வேலையில், பிள்ளைகள் பள்ளியில். அவள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். கத்தரிக்காய்ச் சம்பால் வைத்தேன். காய்ந்த இறாலைப் பொடித்து அதில் சேர்த்தேன். என் சமையலை அவள் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

"இன்னிக்குச் சம்பால் சூப்பரா இருக்கு, அண்ணி," என்றாள். இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள். பிறகு கழுத்தைப் பிடித்துக்கொண்டு மேல்தட்டுக்கு எட்டினாள். பெட்டியைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள்.

"அதுவாம்மா? ஒரு வருஷமா யாருமே தொடலையே," என்றேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அது புரிய வேண்டும் என்றுதான் இத்தனை பாடும். ஆம்புலன்ஸைக் கூப்பிடத்தான் செய்தேன். அதற்கு முன் சம்பாலைக் கொட்டிவிட்டுத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தேன். எச்சில் பாத்திரம் கிடந்தால் அவளுக்குப் பிடிக்காது.

வெளியே வாங்கிய தின்பண்டம் எதிலோ இறால் கலந்திருக்கிறது என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். பிள்ளைகளுக்கு இப்போது நான்தான் தலை பின்னிவிடுகிறேன். இப்படியே இருந்திருப்பேன். நேற்று இளமாறன் என் அறைக்கு வந்தான். கையில் இறுக்கி முடிந்த ஒரு பை.

"கவியோட தலகாணி உறைக்கா. தொறந்தா வாசம் போயிடும். உனக்குத்தான் இது புரியும். உன் அலமாரில வச்சிரு, யாரும் தொட வேணாம்."

அவள் காலி செய்து கொடுத்த அதே இடத்தில் வைத்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நேரே இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

கிளம்பும்போது அந்தப் பையை எடுத்துப் பார்த்தேன். முடிச்சு கொஞ்சம் தளர்ந்திருந்தது, நன்றாக இறுக்கிவிட்டு வந்தேன். குப்பைக் குழாய் நாலெட்டுத் தூரம்தான். ஆனாலும் ஒருத்தர் பொத்தி வைத்திருப்பதைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது, ஆபீசர். நான் கவிப்ரியா மாதிரி இல்லை.